தண்ணீர் படாத சலவை: பெர்க் கரைப்பானும் நூறாண்டு விவாதமும்

பட்டுப்புடவையில் குழம்பு சிந்திவிட்டால் அதைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பது தமிழ் வீடுகளில் எல்லோரும் அறிந்த பாடம். புடவையைக் கடைக்கு எடுத்துப் போகிறோம். ‘பெட்ரோல் வாஷ்’ என்றோ ‘ட்ரை வாஷ்’ என்றோ எழுதிச் சீட்டுத் தருகிறார்கள். நான்கு நாளில் புடவை மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில் திரும்பி வருகிறது. இடையில் அது எந்தத் திரவத்தில் மூழ்கி எழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் திரவங்களில் உலகெங்கும் அதிகம் பேசப்பட்டது பெர்க்குளோரோஎத்திலீன். தொழிலில் அதன் பெயர் ‘பெர்க்’; வேதியியல் நூல்களில் டெட்ராகுளோரோஎத்திலீன். இரண்டு கார்பன் அணுக்கள், நான்கு குளோரின் அணுக்கள் கொண்ட நிறமற்ற திரவம். எண்ணெயையும் கொழுப்பையும் கரைக்கும், துணியின் இழையைத் தொடாது. இது மனிதருக்குக் கேடா, கேடென்றால் எந்த அளவில், யாருக்கு என்ற கேள்விக்கு நூறாண்டாகப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பதிலும் தன் காலத்தில் போதுமானதாகத் தோன்றி, அடுத்த தலைமுறையில் குறையுள்ளதாகத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பதில்களைப் பிரித்துப் பார்த்து, சென்னையின் தென்புறநகரான பொழிச்சலூர் போன்ற ஓர் ஊருக்கு அவை என்ன சொல்கின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் அடையாறு, தெற்கே தோல் தொழிலின் சுவடு படிந்த பல்லாவரமும் நாகல்கேணியும், தெருவெங்கும் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு. கரைப்பான் விவாதத்தின் எல்லா இழைகளும் இப்படிப்பட்ட ஊரில்தான் வந்து சேர்கின்றன.

வண்ணாந்துறையிலிருந்து பட்டறைக்கு

சென்னையில் சலவை என்றால் நெடுங்காலம் ஆறும் கல்லும் உவர்மண்ணும் வெயிலும்தான். கம்பெனி காலத்துத் துணி வணிகத்தின் நினைவாக வண்ணாரப்பேட்டை நிற்கிறது. அடையாற்றின் பெயரோடு சைதாப்பேட்டைச் சலவைத்துறை கலந்திருக்கிறது. தண்ணீர் தாங்காத துணியைத் திரவத்தில் வெளுக்கும் முறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிசில் ஜான் பாப்டிஸ்ட் ஜோலி இதைத் தொழிலாக நடத்தினார். விளக்கு எண்ணெய் சிந்திய மேசைவிரிப்பில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்ததைக் கண்டுதான் அவர் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், முதலில் பயன்பட்டவை டர்பென்டைன், பென்சீன், பெட்ரோல் வகைகள்தான்.

குளோரின் ஏறிய கரைப்பான்கள் அதே காலத்தில் ஆய்வுக்கூடங்களில் பிறந்துகொண்டிருந்தன. பெர்க்கை 1821இல் மைக்கேல் ஃபாரடே தயாரித்தார். கார்பன் டெட்ராகுளோரைடு 1839இலும், டிரைகுளோரோஎத்திலீன் 1864இலும் வந்தன. இவை மூன்றும் ஒரே குடும்பம். சலவைத் தொழிலுக்குள் வந்த வரிசை மட்டும் வேறு: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு, பிறகு டிரைகுளோரோஎத்திலீன், 1930களிலிருந்து பெர்க். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளில் பெர்க் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியது.

துணி மட்டும் இதன் களமல்ல. உலோகப் பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும், கொழுப்பு மிகுந்த செம்மறியாட்டுத் தோலைச் சுத்தம் செய்யவும், வேறு வேதிப்பொருள்களுக்கு மூலப்பொருளாகவும் இது பயன்படுகிறது. ஆகவே கரைப்பானைப் பற்றிய கேள்வியைச் சலவைக் கடையோடு நிறுத்த முடியாது. பட்டறை, தோல் கிடங்கு, பின்னலாடைக் கூடம் ஆகிய எல்லாவற்றிலும் அதே கேள்வி எழுகிறது.

முதல் பதில்: எரியாதது பாதுகாப்பானது

பெர்க்கை ஏற்றவர்கள் அலட்சியத்தால் ஏற்கவில்லை. பெட்ரோலில் துணி வெளுத்த காலத்தில் சலவைப் பட்டறைகள் அடிக்கடி எரிந்தன. பட்டும் கம்பளியும் உராயும்போது பிறக்கும் நிலைமின்சாரப் பொறி ஒன்றே ஆவி நிறைந்த அறைக்குத் தீ வைக்கப் போதும். அமெரிக்காவில் 1920களில் வந்த ஸ்டாடர்ட் கரைப்பான், பெட்ரோலை விட உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே தீப்பற்றும் வகை. குளோரின் கரைப்பான்கள் அதையும் தாண்டின. பெர்க் எரிவதில்லை. 121 பாகை செல்சியசில் கொதிப்பதால் அதைக் காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குடியிருப்பு நடுவே சலவை இயந்திரம் வைக்கலாம் என்ற நிலை இதனால்தான் உருவானது.

இந்தப் பதிலின் வலிமை உண்மையானது. இன்றும் சிறு கடைகளில் பெட்ரோலும் மினரல் டர்பென்டைனும் பயன்படுகின்றன. மூடிய அறையில், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவை இருப்பது பெரிய ஆபத்து. பெர்க்கின் கேடுகளைப் பேசும்போது இதை மறப்பது நேர்மையாகாது.

பதிலின் பலவீனம், ஆபத்து என்றாலே தீ என்று எண்ணியதில் இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு இதற்குத் தெளிவான சான்று. எரியாது என்பதால் அதைத் தீயணைப்புக் கருவிக்குள்ளேயே அடைத்தார்கள். சூடான உலோகத்தில் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும் என்பதும், உடலுக்குள் போனால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும் என்பதும் பின்னரே தெளிவாயின. அமெரிக்காவில் 1970இல் அது வீட்டு உபயோகப் பொருள்களிலிருந்து விலக்கப்பட்டது. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்ற குற்றச்சாட்டு அதற்குப் பிறகு வந்தது. இந்தியாவில் துணியின் கறையெடுக்கவும் உலோகம் துடைக்கவும் அது பரவலாகப் பயன்பட்டது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகள் 2010க்குள் அந்தப் பயன்பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது, இந்தியாவும் நிறுத்தியது. தீ, ஈரல், ஓசோன் என்று ஒரே திரவம் மூன்று முறை வழக்கில் நின்றது. முந்தைய விசாரணையில் எவரும் கேட்காத கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது.

இரண்டாம் பதில்: அளவுதான் நஞ்சு

அடுத்த நிலைப்பாடு தொழிலக மருத்துவத்திலிருந்து வந்தது. எந்தப் பொருளும் ஓர் அளவுக்கு மேல் போனால்தான் நஞ்சு. அந்த அளவைக் கண்டுபிடித்து, காற்றில் அதைத் தாண்டாமல் காத்தால் போதும் என்பது இதன் சாரம்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வரலாறு தமிழர்களோடு தொடர்புடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு தமிழ்த் தொழிலாளரை வாட்டியபோது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் அங்கே ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. 1920களில் புழு மருந்தாகக் கார்பன் டெட்ராகுளோரைடு பல நாடுகளில் பரவியது. 1925இல் அதைவிடத் தீங்கு குறைந்தது என்று பெர்க் முன்வைக்கப்பட்டது. ஒரே வேளையில் 3, 4 மில்லிலிட்டர் பெர்க்கை வாய்வழி கொடுத்தார்கள். உலகெங்கும் பெருந்தொகையானோர் அதை உட்கொண்டார்கள். பெரும்பாலோருக்குச் சிறிது மயக்கமும் கிறுகிறுப்பும் தவிர உடனடிக் கேடு தெரியவில்லை. மருந்தாகவே விழுங்கப்பட்ட பொருள் சலவைக் கூடத்தில் எப்படிக் கொல்லும் என்ற கேள்வி இதிலிருந்து பிறந்தது.

ஆனால் ஒருமுறை விழுங்குவதும் இருபது ஆண்டுகள் நாள்தோறும் மூச்சில் இழுப்பதும் ஒன்றல்ல. பெர்க் கொழுப்பில் தங்கும். உடலில் சேர்ந்ததில் பெரும்பகுதி மாறாமல் மூச்சு வழியே வெளியேறும் என்றாலும், கொழுப்புத் திசுவில் உள்ளது பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டரை நாள் ஆகும். திங்கட்கிழமை உள்ளே போனது முழுதும் வெளியேறுவதற்குள் செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கிவிடுகிறது.

அளவு என்பது நடைமுறையில் எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்குப் பெர்க்கின் வரம்பை 50 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) என வைத்தது. பத்துக்குப் பத்து அடி அறை, ஒன்பதடி உயரம், காற்றோட்டம் இல்லை என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் பெர்க் ஆவியானாலே 50 பி.பி.எம். எட்டிவிடும். ஒரு தேக்கரண்டி அளவு. கறையெடுக்கும்போது துணியில் தெளித்த ஈரம், இயந்திரத்திலிருந்து முழுதும் உலராமல் எடுத்த கோட்டு, மூடி திறந்திருக்கும் கேன் ஆகிய ஒவ்வொன்றும் அந்தத் தேக்கரண்டியைத் தாண்டக்கூடியவை. அதன் ஆவி காற்றை விட ஐந்து மடங்குக்கு மேல் கனமானது; தாழ்ந்த இடங்களில் தேங்கும். நெடியை நம்பியும் இருக்க முடியாது: மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும்.

வரம்பும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி 1970களில் 100 பி.பி.எம். என்றது. அந்நாட்டுத் தொழிலகச் சுகாதார வல்லுநர் அமைப்பு 25க்கு இறக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட விதியில் பணியிடக் காற்றுக்குக் குறித்த அளவு 0.14 பி.பி.எம். நம் 50க்கும் இதற்கும் 350 மடங்கு இடைவெளி. ஒரே பொருளுக்கு இத்தனை விரிந்த வரம்புகள் இருப்பதே, ‘பாதுகாப்பான அளவு’ என்பது கண்டெடுக்கப்பட்ட உண்மையாக இல்லாமல், எந்தக் கேட்டைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்த முடிவாகவே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மூளை, கண், தாய்ப்பால்

குறைந்த அளவுகளில் முதலில் தெரிவது நரம்பு மண்டலத்தின் பாதிப்பு. தலைவலி, கிறுகிறுப்பு, குடித்தது போன்ற தள்ளாட்டம் ஆகியவை அதிக அளவின் அடையாளங்கள். 1994இல் இத்தாலியச் சலவைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு, அவர்களே உணராத ஒரு மாற்றத்தைச் சொன்னது: நீலம், மஞ்சள் சார்ந்த நிறங்களைப் பிரித்தறியும் திறன் மங்கியிருந்தது. நியூயார்க்கில் சலவைக் கடை இருந்த கட்டடங்களில் குடியிருந்தோரிடமும் பார்வையின் நுண்மை குறைந்திருக்கலாம் என்று பின்னர் ஓர் ஆய்வு கூறியது. எண்ணிக்கை சிறியது என்பதால் அதை உறுதியான முடிவாகக் கொள்வது கடினம்.

1977இல் கனடாவிலிருந்து பதிவான ஒரு நிகழ்வு, யார் யாரைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதையே மாற்றியது. ஆறு வாரக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை; ஈரல் வீங்கியிருந்தது; வழக்கமான காரணம் எதுவும் பொருந்தவில்லை. தந்தை தோல் ஆடைகளைச் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை செய்தார். தாய் மதிய வேளைகளில் அங்கே போய் அவரோடு சாப்பிட்டுவந்தார். தாய்ப்பாலைச் சோதித்தபோது அதில் பெர்க் இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தியதும் குழந்தை தேறியது. ஒரே ஒரு நிகழ்வு புள்ளிவிவரம் ஆகாதுதான். ஆனால் வேலை செய்யாதவரின் உடலுக்கும், அவர் வழியாகக் குழந்தைக்கும் இந்தத் திரவம் போய்ச் சேரும் பாதையை அது காட்டிவிட்டது. கடையின் பின்னறையே வீடாக இருக்கும் நம் ஊர் அமைப்பில் அந்தப் பாதை இன்னும் குறுகியது.

மூன்றாம் பதில்: புற்றுநோய்

1977இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சோதனையில் பெர்க் ஊட்டப்பட்ட சுண்டெலிகளுக்கு ஈரலில் கட்டிகள் வந்தன. 1986இல் ஆவியைச் சுவாசிக்க வைத்த சோதனையும் சுண்டெலிகளில் ஈரல் கட்டியையும் பெரிய எலிகளில் இரத்தப் புற்றையும் காட்டியது. அதிலிருந்து இரு அணிகள் உருவாயின.

ஓர் அணி சொன்னது: சுண்டெலியின் ஈரல் பெர்க்கை அதிகமாகச் சிதைத்து டிரைகுளோரோஅசிட்டிக் அமிலமாக்குகிறது, அது எலிக்கே உரிய வழியில் கட்டியைத் தூண்டுகிறது, மனித ஈரல் அப்படி நடந்துகொள்வதில்லை. பெரிய எலியின் இரத்தப் புற்றும் அந்த இனத்தில் இயல்பாகவே அடிக்கடி வருவது. ஆகவே எலியின் நோயை மனிதருக்கு ஏற்றக் கூடாது. மறு அணி, சிதைவுப் பாதை ஒன்று மட்டுமல்ல, சிறுநீரகத்தில் மரபணுவைத் தாக்கக்கூடிய வேறு விளைபொருள்களும் பிறக்கின்றன என்றது. இரண்டு வாதங்களிலும் பொருள் இருக்கிறது. எலியை வைத்து மட்டும் இது தீராது.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் கவனத்துக்குரியது, 2006இல் வெளியான நார்டிக் நாடுகளின் சலவைத் தொழிலாளர் ஆய்வு. அதில் சிறுநீர்ப்பைப் புற்று ஏறக்குறைய 44 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அதிக ஆண்டு வேலை செய்தவருக்கு அதிக நோய் என்ற ஒழுங்கு அதில் தெளிவாகத் தெரியவில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கும் சலவைத் தொழிலாளர்களிடம் இதை ஒட்டிய கூடுதலையே கண்டது. குறைகளும் உண்டு: பல பதிவேடுகளில் தண்ணீர்ச் சலவை செய்தவரும் கரைப்பானில் வெளுத்தவரும் ஒரே தொழிலாக எழுதப்பட்டிருக்கிறார்கள், புகைபிடிக்கும் பழக்கம் சரிவரக் கணக்கிடப்படவில்லை, பழைய தொழிலாளி பெட்ரோல், கார்பன் டெட்ராகுளோரைடு, பெர்க் என மூன்றையும் தொட்டவர்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் பெர்க்கை ‘அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. மறு ஆய்விலும் அங்கேயே வைத்திருக்கிறது. அதன் உடன்பிறப்பான டிரைகுளோரோஎத்திலீனோ 2012இல் சந்தேகத்துக்கு இடமற்ற முதல் பிரிவுக்குப் போனது. அதனால் சிறுநீரகப் புற்று வருவது உறுதியானது. நடுக்குவாதம் என்கிற பார்கின்சன் நோயோடும் டிரைகுளோரோஎத்திலீனின் பெயர் சேர்ந்துவருகிறது. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் படை முகாமில் பணியாற்றியவர்களுக்கு, மாசில்லாத வேறொரு முகாமில் இருந்தவர்களை விட அந்நோய் 70 சதவீதம் கூடுதல் என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே குடிநீரில் இரண்டு கரைப்பான்களும் கலந்திருந்ததால் பங்கைப் பிரித்துச் சொல்வது எளிதல்ல.

நான்காம் பதில்: கேடு நிலத்தடியில்

1970களின் இறுதி வரை விவாதம் காற்றைப் பற்றியதாகவே இருந்தது. அதைத் தண்ணீருக்குத் திருப்பியவை மாசடைந்த கிணறுகள். லெஜூன் முகாமின் ஒரு குடியிருப்புப் பகுதிக் குழாயில் 1985இல் லிட்டருக்கு 215 மைக்ரோகிராம் பெர்க் அளக்கப்பட்டது. அதன் மூலம் பெரிய ஆலை ஏதுமல்ல. முகாமுக்கு வெளியே சாலையோரத்தில் இருந்த ஒரு சலவைக் கடை. கழிவு அதன் செப்டிக் டேங்கில் இறங்கி, மண் வழியே கிணற்றை எட்டியிருந்தது.

காரணம் திரவத்தின் எடையில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெர்க் 1.6 கிலோ. கிணற்றில் விழுந்த எண்ணெய் மேலே மிதக்கும். பெர்க் நீர்மட்டத்தைக் கடந்து அடிப்பாறை வரை இறங்கி, வெடிப்புகளில் தங்கி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரையும். ஆக்சிஜன் இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. ஆனால் நடுவழியில் சிதைவு நின்றால் டிரைகுளோரோஎத்திலீனும், பிறகு வைனைல் குளோரைடும் மிஞ்சும். இரண்டும் உறுதியான புற்றுநோய்ப் பொருள்கள். அதாவது காலம் இதை எப்போதும் குறைப்பதில்லை. சில வேளை கூட்டுகிறது.

குடிநீரில் எவ்வளவு இருக்கலாம் என்பதிலும் ஒருமனம் இல்லை. அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் பெர்க்குக்கு 40 என்றிருந்ததை 2022இல் 100 ஆக உயர்த்தியது. அதே நேரம் டிரைகுளோரோஎத்திலீனுக்கு 20 என்றிருந்ததை 8 ஆகக் குறைத்தது. தளர்வான அளவையே எடுத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் பெர்க் முழுதும் கரைந்து பரவினால் 1.62 கோடி லிட்டர் நீரை வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் 1,350 லாரி. அமெரிக்க அளவில் 27,000 லாரி.

பொழிச்சலூரில் வைத்துப் பார்த்தால்

பல்லாவரம் குன்றுகளின் பாறைக்கு நிலவியலில் உலகப் பெயர் ஒன்று உண்டு: சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையில் செதுக்கப்பட்டது என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். கருங்கல்லாகிய அது நீரைத் தன்னுள் வைப்பதில்லை. வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. போர் போடுபவர்கள் தேடுவதும் அந்த வெடிப்பைத்தான். தண்ணீரை விடக் கனமான கரைப்பானும் அதே வெடிப்பைத் தேடி இறங்கும். ஆற்றோரம் மணலும் களியும், கீழே வெடித்த பாறையும் கொண்ட இந்த நிலத்தில், ஒரு துளி எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று மேலிருந்து ஊகிக்க முடியாது.

இந்தப் பகுதிக்கு மாசின் வரலாறு புதிதல்ல. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனி தந்தது. பல்லாவரத் தோல் பட்டறைகளுக்கு 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தோல் கழிவை முன்வைத்து, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், சான்று முழுமையாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளை நாட்டின் சட்டமாக்கியது. அதன் பயனாக இங்கே தண்ணீர்ச் சோதனை என்றால் குரோமியமும் உப்பும் முதலில் நினைவுக்கு வருகின்றன.

கரைப்பானுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 காரீயம், பாதரசம், குரோமியம், பூச்சிக்கொல்லிகள், குளோரின் கலப்பால் உண்டாகும் குளோரோஃபார்ம் வகைகள் என நீண்ட பட்டியல் தருகிறது. பெர்க்கும் டிரைகுளோரோஎத்திலீனும் அதில் இல்லை. 2009இன் தேசியக் காற்றுத் தரத்தின் 12 பொருள்களில் பென்சீன் உண்டு, பெர்க் இல்லை. ஆகவே போர் தண்ணீரைச் சோதித்து ‘குடிக்கத் தகுந்தது’ என்று சான்றிதழ் வாங்கினாலும், அந்தத் தாள் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

நிர்வாக எல்லையும் சேர்ந்துகொள்கிறது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துப் பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள் போயின. பொழிச்சலூர் ஊராட்சியாகவே வெளியே நின்றது. நிலத்தடி நீருக்கு வார்டு எல்லை கிடையாது. பாதாளச் சாக்கடை முழுமையாக எட்டாத தென்புறநகரில் வீட்டுக் கழிவு செப்டிக் டேங்கில் இறங்குகிறது. சில அடி தள்ளி போர். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி இந்தத் தெருக்களில் புகுந்தபோது பட்டறைத் தரையும் கிணற்று வாயும் ஒரே நீரில் கிடந்தன.

சட்டத்தின் வாசலும் உயரமானது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. 2020இன் தொழிற் பாதுகாப்புத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. மூன்று பேர் நடத்தும் சலவைக் கடைக்கு 50 பி.பி.எம். என்ற வரம்பே எட்டாது. தென்புறநகரில் பல கடைகள் துணியை வாங்கி அடையாளத் துண்டு கட்டி வேறிடத்துப் பட்டறைக்கு அனுப்புகின்றன. வாடிக்கையாளர் காணும் கடையில் கரைப்பான் இல்லை. கரைப்பான் உள்ள பட்டறை வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை.

உடுத்துபவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2011இல் அமெரிக்காவில் பள்ளி மாணவி ஒருவரின் கேள்வியிலிருந்து தொடங்கிய ஆய்வு, பெர்க்கில் வெளுத்த கம்பளி, பாலியெஸ்டர், பருத்தித் துணிகளில் கரைப்பான் தங்குவதையும் ஒவ்வொரு சலவையிலும் கூடுவதையும் காட்டியது. பட்டில் மட்டும் மிகக் குறைவாகவே தங்கியது. பட்டுப்புடவையை விடக் கோட்டும் போர்வையும் திரையும்தான் கவனிக்க வேண்டியவை. உறையைப் பிரித்துக் காற்றாட விட்டு அலமாரியில் வைப்பது எளிய காப்பு. ஆனால் உடுத்துபவரின் ஆபத்து மிகச் சிறியது, பெரும்பங்கு வெளுப்பவருடையது.

மாற்றுகள்

இன்றைய விவாதம் இரண்டு வழிகளில் நிற்கிறது. ஒன்று கட்டுப்பாடு: துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மூடிய இயந்திரத்தில், ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடித்து, அடியில் தங்கும் சேற்றை அபாயக் கழிவாகக் கையாள்வது. மற்றொன்று விலக்கல். கலிபோர்னியா 2007இல் முடிவெடுத்து 2023இன் தொடக்கத்தில் சலவையில் பெர்க்கை முற்றிலும் நிறுத்தியது. பிரான்ஸ் குடியிருப்பை ஒட்டிய கடைகளில் படிப்படியாகத் தடுத்தது. 2024இன் அமெரிக்க விதி சலவைத் தொழிலுக்குப் பத்தாண்டு அவகாசம் தந்தது.

விலக்கினால் அந்த இடத்தில் எது வரும் என்பதே கடினமான கேள்வி. ஹைட்ரோகார்பன் கரைப்பான்கள் நஞ்சில் குறைவு, ஆனால் மீண்டும் தீ. சிலிக்கோன் வகைக் கரைப்பான் நீர்நிலைகளில் தங்குவது குறித்து ஐயம் உண்டு. பெர்க்குக்குப் பதிலாக வந்த புரோப்பைல் புரோமைடு நரம்பைத் தாக்குவது தெரிந்து கைவிடப்படுகிறது. திரவக் கார்பன் டை ஆக்சைடு இயந்திரத்தின் விலை சிறு கடைக்கு எட்டாது. கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில் நீரால் வெளுக்கும் முறை பல துணிகளுக்கு ஏற்கப்பட்டுவிட்டது. சரிகையும் சாயமும் நீரைத் தாங்காத பட்டில் அதன் வரம்பு இன்னும் சோதிக்கப்பட வேண்டும்.

தீராதவையும் தீர்ந்தவையும்

பெர்க் நரம்பையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றோடு அதற்குள்ள தொடர்பு வலுவான சந்தேகம். முற்றான சான்று இல்லை. குறைந்த அளவில் நெடுங்காலம் இழுப்பவரின் கண்ணுக்கும் மூளைக்கும் என்ன ஆகிறது என்பதும், கலவையில் ஒவ்வொரு கரைப்பானின் பங்கு என்ன என்பதும் இன்னும் திறந்த கேள்விகள். நிலத்தில் இறங்கினால் மீட்பது மிகக் கடினம் என்பது தீர்ந்த விஷயம்.

நூறாண்டு விவாதத்தில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று: ஒவ்வொரு கரைப்பானும் அன்று அளந்து பார்த்த ஆபத்தில் தேறி, அளக்காத ஆபத்தில் தோற்றது. அதனால் பொழிச்சலூர் போன்ற ஊருக்கு எந்தக் கரைப்பான் நல்லது என்பது இரண்டாவது கேள்வி. எது எங்கே பயன்படுகிறது, பட்டறைக் காற்றில் எவ்வளவு, அதன் அருகே உள்ள போர் நீரில் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. தோல் கழிவுக்காக நீதிமன்றம் வகுத்த முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இதற்கும் பொருந்தும். ஐ.எஸ். 10500 பட்டியலில் இரண்டு பெயர்களைச் சேர்ப்பதும், 20 பேர் இல்லாத பட்டறைக்கும் காற்று வரம்பைப் பொருந்தச் செய்வதும் புதிய ஆராய்ச்சிக்குக் காத்திருக்க வேண்டிய வேலைகள் அல்ல. அவை நடந்தால்தான், மீதமுள்ள ஐயங்கள் கூடுதலா குறைவா என்று சொல்ல நம் கையில் எண்கள் இருக்கும். அதுவரை அந்த ஐயத்தின் சுமையை, கறையைத் தேய்த்துக்கொண்டு ஆவியை இழுப்பவரே தாங்குகிறார்.